மாப்பிள்ளை கேட்ட மானியக் கணக்கு

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பத்து வருடத்துக்கு மேலாக இந்த விலை பெரிதாக அசையவே இல்லை. இப்போது வரும் மூட்டைகளில் ‘பாரத்’ என்று கொட்டை எழுத்திலும், இந்த மூட்டைக்கு அரசு தரும் மானியம் எவ்வளவு என்பதைச் சற்றுச் சிறிய எழுத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். மானியம் விற்பனை விலையைப் போலப் பல மடங்கு. பொங்கலுக்கு வந்திருந்த மாப்பிள்ளை, திண்ணையில் கிடந்த காலிச் சாக்கைத் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்டார்:

“மாமா, உணவு மானியம், உர மானியம் இரண்டும் சேர்ந்தால் மூன்றே முக்கால் லட்சம் கோடிக்குப் பக்கத்தில் வருகிறது. இவ்வளவு கொடுத்த பிறகும் விவசாயி கஷ்டப்படுகிறார் என்கிறீர்கள். அப்போ பணம் எங்கே போகிறது?”

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். அவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. சொன்ன எண்ணும் தப்பில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு 2.03 லட்சம் கோடி, உர மானியத்துக்கு 1.67 லட்சம் கோடி ஒதுக்கியிருந்தார்கள். நான் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உரம் விற்றிருக்கிறேன், பயிர்க்கடன் எழுதியிருக்கிறேன், காப்பீட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன், கடன் தள்ளுபடிப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். இப்போது இரண்டரை ஏக்கர் சொந்தமாகவும் கொஞ்சம் குத்தகையாகவும் சாகுபடி செய்கிறேன். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரம். யூரியா மானியம் ரூபாயாக விவசாயி கைக்கு வருவதில்லை. சங்கத்தில் நாங்கள் ஆதார் எண்ணை அடித்து, அவர் விரலை மெஷினில் வைக்கச் சொல்லி, ரசீது போடுவோம். அந்தப் பதிவைக் காட்டி உர நிறுவனம் டெல்லியில் மானியத்தை வாங்கிக்கொள்ளும். யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும். அதில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது, 2022-23க்கான உர மானியம் இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டியது. அந்த வருடம் எங்கள் ஊரில் யாரும் வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி கூட அதிகமாகத் தெளிக்கவில்லை. உலகச் சந்தையில் எரிவாயு விற்றவனுக்குப் போன பணம் ‘விவசாயிக்கு மானியம்’ என்ற தலைப்பில் ஏறிக்கொண்டது. மானியம் இல்லாவிட்டால் அந்த விலையை நாங்கள் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மானியத் தொகை ஏறியதால் விவசாயியின் வருமானம் ஏறியது என்று யாராவது படம் வரைந்து காட்டினால் நம்பாதீர்கள்.

யூரியாவில் என்னை உறுத்துவது வேறு விஷயம். 2010 ஏப்ரலில் மற்ற உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, சத்து அடிப்படையில் நிலையான மானியம் என்று மாற்றினார்கள். யூரியாவை மட்டும் பழைய கட்டுப்பாட்டிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கு முன் மணிச்சத்து அதிகமுள்ள டிஏபி உரத்தை 50 கிலோ மூட்டை 467 ரூபாய் 50 காசுக்கு விற்றேன். சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் 222 ரூபாய் சொச்சம். இன்று டிஏபி 1,350. பொட்டாஷ் விலையைக் கேட்டுவிட்டு, “அப்புறம் வாங்கிக்கிறேன் சார்” என்று யூரியா மட்டும் தூக்கிப்போவார்கள். அப்புறம் என்பது வராது. யூரியா போட்டால் நாலாம் நாள் வயல் கறுகறுவென்று பச்சை பிடிக்கும், பக்கத்து வயல்காரன் பார்ப்பான், அவனும் ஓடிவருவான். பொட்டாஷ் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. யூரியாவின் தழைச்சத்து மிஞ்சிய பயிரில் புகையான் பூச்சி வந்து வட்டம் வட்டமாகக் காய்ந்தபின் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். விலையை இப்படி வைத்தால் மனிதர்கள் இப்படித்தான் வாங்குவார்கள். யூரியாவுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதியை எடுத்துப் பொட்டாஷ் பக்கம் தள்ளியிருந்தால் மண்ணும் பிழைத்திருக்கும், மருந்துச் செலவும் குறைந்திருக்கும். எந்தக் கட்சியும் செய்யாது. யூரியா விலையை ஐம்பது ரூபாய் ஏற்றியவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்?

இலவச மின்சாரத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதற்குக் கோயமுத்தூர் பக்கத்து விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளம்பினார்கள், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த இயக்கத்தின் அழுத்தத்தில் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவசம் வந்தது, அடுத்து வந்த கருணாநிதி ஆட்சியில் எல்லோருக்கும் என்று ஆனது. கிணற்றுப் பாசனக்காரருக்கு அது உயிர். ஆனால் மீட்டர் இல்லாத மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போனது என்று யாருக்கும் தெரியாது. குதிரைத்திறனை வைத்துக் கணக்குப்போட்டு மாநில அரசு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிறது. மேலும், அரை ஏக்கர்காரர் மோட்டாரும் முப்பது ஏக்கர்காரர் மோட்டாரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான், ஓடும் நேரம்தான் வேறு.

இனி அந்த 2.03 லட்சம் கோடி. இதைத்தான் மாப்பிள்ளைக்குக் காகிதம் எடுத்துவைத்து எழுதிக் காட்டினேன்.

2024-25 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் புழுங்கலரிசி 68 கிலோ கொடுக்க வேண்டும் என்பது அரவைக்கான விதி. 2,300ஐ 68ஆல் வகுத்தால் அரிசி கிலோவுக்கு 33 ரூபாய் 82 காசு. அதோடு அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, கிடங்கு, பணம் முடங்கிக் கிடக்கும் காலத்துக்கு வட்டி எல்லாம் சேர்ந்து, ரேஷன் கடைக்குப் போய்ச் சேரும்போது கிலோ சுமார் 40 ரூபாய். அதை வாங்குபவர் கொடுப்பது பூஜ்யம். 2023 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிசியும் கோதுமையும் இலவசம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011லிருந்தே இலவசம்.

இந்த நாற்பது ரூபாய் யாருக்கான மானியம்? பட்ஜெட்டில் அதன் பெயரே உணவு மானியம். சென்னையில் கட்டடவேலைக்குப் போகிறவர் வீட்டில் வேகும் சோறு அது. எங்கள் வயல் நெல்லுக்குச் சந்தையில் கிடைத்திருக்கும் விலைக்கும் அரசு கொடுத்த விலைக்கும் இடையில் உள்ள தொகை மட்டும்தான் எங்கள் பங்கு. மீதியெல்லாம் சாப்பிடுபவருக்கு. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், பாதி ஊரே அந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறது, உழுகிறவன் வீடு உட்பட. ஆனால் கணக்கெழுதும்போது இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு “விவசாயிக்கு இவ்வளவு” என்று கூட்டுவது சங்கத்தில் யாராவது செய்திருந்தால் தணிக்கையாளர் விட்டிருக்க மாட்டார்.

ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு போடும் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே நெல்லுக்கான ஆதரவை அளக்க இன்றைய ஆதரவு விலையிலிருந்து 1986-88இல் இருந்த சர்வதேச விலையைக் கழிப்பார்கள். நாற்பது வருட விலைவாசி ஏற்றம் முழுவதும் ‘மானியம்’ ஆகிவிடும். அந்தக் கணக்குப்படிதான் 2018-19இல் இந்தியா, அரிசிக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பை, அதாவது உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஆதரவு விலை என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் தெரியாது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது, எல்.கே. ஜா தலைமையில் போட்ட குழு இரண்டு வழி சொன்னது. விளைவிப்பவனுக்கு முன்கூட்டியே ஒரு விலையை உறுதி சொல்ல வேண்டும். அந்த விலைக்கு வாங்கிவைக்க அரசுக்கு ஒரு நிறுவனம் வேண்டும். 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து, ரூபாய்க்கு அரிசி “மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்று அண்ணா சொன்ன தேர்தல் வந்தது. உற்பத்தியாளர் விலை ஒருபக்கம், சாப்பிடுபவர் விலை மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் அரசு என்ற அமைப்பு அன்றிலிருந்து இப்படியே நிற்கிறது.

இதில் ஜா குழு சொன்ன இரண்டாவது வழியைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். விலையை அறிவிப்பது வேறு, வாங்குவது வேறு. டெல்லி 22 பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. 2015இல் வந்த சாந்தகுமார் குழு அறிக்கை, நாட்டில் வெறும் 6 சதவீத விவசாயிகள்தான் அந்த விலைக்குக் கொள்முதல் நிறுவனங்களிடம் விற்கிறார்கள் என்றது. எங்கள் டெல்டா அந்த 6 சதவீதத்துக்குள் வரும் இடம். காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை. அறுவடை சமயத்தில் நடக்கிற தூரத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2025 பிப்ரவரியில் அறுத்த என் சி.ஆர். 1009 ரக நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 36 மூட்டை கண்டது. நாங்கள் மூட்டை என்றால் 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் என்றால் 40 கிலோ. வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். செயின் வண்டி அறுத்துக் கொட்டிய அன்றைக்கே வியாபாரி டெம்போவோடு வந்து களத்தில் நின்றார். மூட்டை 1,150 ரூபாய், ஈரம் பார்க்கமாட்டேன், இப்போதே பணம் என்றார். கொள்முதல் நிலையத்தில் மத்திய அரசின் 2,300, மாநில அரசின் ஊக்கத்தொகை 105, ஆக குவிண்டால் 2,405. அதாவது எங்கள் மூட்டைக்கு 1,443. மூட்டைக்கு 293 ரூபாய் வித்தியாசம், ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். எனக்கு ஒரு பருவத்தில் ஏக்கரில் மிஞ்சுவதே ஏறக்குறைய அதுதான். லாபம் முழுவதும் அந்த வித்தியாசத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வியாபாரி ஏன் 1,150 தருகிறார், 900க்குக் கேட்கவில்லை? பக்கத்தில் கொள்முதல் நிலையம் இருப்பது அவருக்கும் தெரியும். நிலையம் நாலு நாள் தள்ளித் திறக்கும் என்று செய்தி வந்தால் மறுநாளே அவர் விலை இறங்கிவிடும். அரசிடம் ஒரு சிப்பம் கூட விற்காதவருக்கும் இப்படி அந்த நிலையத்தால் கொஞ்சம் விலை கிடைக்கிறது. எந்த மானியக் கணக்கிலும் இது வராது.

சரி, அந்தப் பத்தாயிரம் சும்மா வந்துவிடுமா? நிலத்துக்கும் சாகுபடிக்கும் ஆவணமான சிட்டா அடங்கலோடு பதிவு செய்து முறை வாங்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தை மாசியில் பனி இறங்கும் ஊரில், இயந்திரம் அறுத்த பச்சை நெல்லில் 17 எங்கே இருக்கும்? தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குக் கொட்டிக் காயவைத்து, காலால் கிளறி, சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அங்கேயே கயிற்றுக்கட்டிலில் படுக்க வேண்டும். மறுநாள் மெஷின் 18 காட்டும், மறுபடி கொட்ட வேண்டும். தூற்றுவதில் ஒரு பங்கு பதராகப் போகும். சிப்பத்துக்கு இவ்வளவு என்று ரசீதில்லாத காசு ஒன்று கைமாறுவதைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதிவிட்டன, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய நெல்லை ஏற்ற லாரி வராவிட்டால் களத்தில் இடம் இருக்காது. இடம் இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். ‘இயக்கம் இல்லை’, அதாவது நெல் ஏற்றிப்போக லாரி இல்லை என்று பட்டியல் எழுத்தர் சொல்லிவிட்டால், பின்னால் நிற்கும் அத்தனை டிராக்டரும் அப்படியே நிற்கும்.

மழை வந்தால் இன்னும் மோசம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுக்க வேண்டிய சம்பா மேல் பருவம் தப்பிய மழை கொட்டியது. மத்தியக் குழு வந்து, நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, மாதிரி எடுத்துப் போய், பிறகுதான் 20 சதவீத ஈரம் வரை வாங்கலாம் என்ற தளர்வு வந்தது. மாநில அரசு பாதித்த வயலுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் நனைந்து முளைவிட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். அந்த வருடம் செப்டம்பர் 1லிருந்து பொது ரகத்துக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 என்று விலை ஏறியிருந்தது. 2,500 என்பது 2021 தேர்தல் வாக்குறுதி, வந்துசேர நாலு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது மழையும் கூடவே வந்தது. விலை 2,500 என்று இருந்து, நெல் தார்ப்பாய்க்கு அடியில் முளைத்துக்கொண்டிருந்தால் அந்த 2,500 எவனுக்கு?

அதனால்தான் விலையை இன்னும் ஏற்று என்று மட்டும் கேட்கிற கூட்டங்களில் எனக்கு ஒப்புதல் பாதிதான். ஆதரவு விலை செலவைப் போல ஒன்றரை மடங்கு என்று 2018-19 பட்ஜெட்டில் கொள்கையாகச் சொன்னார்கள். கையிலிருந்து போகும் செலவையும் வீட்டாரின் உழைப்பையும் சேர்த்து 2025-26க்கு நெல் குவிண்டாலுக்கு 1,579 என்று கணக்கிட்டு, 2,369 கொடுத்தார்கள். சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி ஆகியவற்றையும் சேர்த்த விரிவான செலவைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. நியாயம்தான். குத்தகைக்கு உழுகிறவனுக்கு நில வாடகை கற்பனைச் செலவில்லை, ‘மா’ என்ற நில அளவுக்கு இத்தனை மூட்டை என்று அளந்து கொடுக்கிறான். ஆனால் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் 3,100 கொடுக்கிறார்கள் என்று மேடையில் பேசுபவர்கள், நெல்லைக் காயவைக்க ஒரு கூரை வேண்டும் என்று பேசிக் கேட்டதில்லை.

நெல்லுக்கு மட்டும் ஆதரவு கொடுத்து நாட்டையே நெல்லாக்கிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். பஞ்சாபுக்கு அது பொருந்தும். நிலத்தடி நீரை உறிஞ்சி, அதுவரை பெரிதாக இல்லாத நெல்லை அங்கே கொண்டுவந்து நட்டார்கள். இங்கே ஐப்பசி கார்த்திகையில் என் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதில் நெல்லைத் தவிர எது நிற்கும்? மக்காச்சோளம் போடு என்று சொல்லும் அதிகாரியை அடைமழையில் ஒரு நாள் வரப்பில் நிறுத்த வேண்டும்.

ஆனால் சம்பா அறுவடைக்கு முன்பே ஈர வயலில் தெளிக்கும் உளுந்து விஷயம் அப்படியில்லை. தண்ணீர் வேண்டாம், உழவு வேண்டாம், உரம் அநேகமாக வேண்டாம். பனியில் வளர்ந்து பங்குனி சித்திரையில் காய்க்கும். பாட்டன் காலத்திலிருந்து பெண்களின் கைக்காசு அதுதான். அதற்கும் ஆதரவு விலை உண்டு. 2024-25க்கு குவிண்டால் 7,400, அடுத்த வருடம் 7,800. எண்ணைப் பார்த்தால் நெல்லைவிட மூன்று மடங்கு. ஆனால் எங்கள் ஊரில் உளுந்து வாங்கும் ஒரே ஆள் மோட்டார் சைக்கிளில் தராசு கட்டிக்கொண்டு வரும் வியாபாரி. அரசுக் கொள்முதல் என்றால் தூரத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், அங்கே சில வருடம் வாங்குவார்கள், சில வருடம் இல்லை. ஈரப்பதம் 12க்குள் இருக்க வேண்டும், ஆளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. அரை மூட்டை உளுந்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி யார் போவார்கள்? அதே நேரத்தில் பர்மாவிலிருந்து தீர்வை இல்லாமல் கப்பலில் உளுந்து இறங்குகிறது. இட்லி விலை ஏறக்கூடாதே என்ற கவலை அரசுக்கு உண்டு. துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் பதிவு செய்த விவசாயிகள் கொண்டுவரும் அளவுக்கு நாலு வருடம் வாங்குவோம் என்று 2025 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சொன்னார். தராசு எங்கே வைப்பார்கள் என்று சொல்லவில்லை.

பருத்தியிலும் இதையே பார்த்தோம். 2022 கோடையில் குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டி விற்றது. அதைப் பார்த்து ஊரே பருத்தி போட்டது. மறுவருடம் ஏறக்குறைய பாதி விலை. ஆதரவு விலைப் பட்டியலில் பருத்திக்கும் ஒரு எண் இருக்கத்தான் செய்தது.

கடன் தள்ளுபடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சங்கச் செயலாளராக இருந்ததற்கு அர்த்தமில்லை. 2006, 2016, 2021 என்று மூன்றையும் உள்ளே இருந்து பார்த்தவன். 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது 12,110 கோடி, 16.43 லட்சம் விவசாயிகள். ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன் எல்லாம் ரத்து. பட்டியலை ஒட்டிய மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். பொங்கலுக்கு முன்பே மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கடனை அடைத்தவர். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை என்று நான்தான் போனில் நினைவுபடுத்தியிருந்தேன். மகள் கல்யாணம் முடியட்டும் என்று மறுகடன் எடுக்காமல் இருந்தார். பட்டியலில் பெயர் இல்லை.

“அப்போ ஒழுங்காக் கட்டுனவன் கேணையனா சார்?”

டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது. அடுத்த வருடத்திலிருந்து அவர் மட்டுமல்ல, அவர் தெருவில் யாருமே தவணைக்கு முன்னால் கட்டுவதில்லை. தேர்தல் பேச்சு எழுந்ததும் வசூல் நின்றுவிடும்.  தள்ளுபடித் தொகையை அரசு சங்கத்துக்கு உடனே கொடுப்பதும் இல்லை, தவணை தவணையாகத்தான் வரும். அதுவரை புதுக் கடன் கொடுக்கச் சங்கத்தில் பணம் இருக்காது, வருகிறவர்களை நகைக்கடன் பக்கம் திருப்பிவிடுவோம். எனக்குப் பிடிக்காத உதவி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக்கணக்கில் விழுகிறது. இடைத்தரகர் இல்லை, நல்லதுதான். ஆனால் பட்டா யார் பேரிலோ அவருக்குத்தான். எங்கள் பக்கத்தில் பாதி நிலம் கோயிலுடையது, மடத்துடையது, இல்லாவிட்டால் சென்னைக்கும் திருச்சிக்கும் போய்விட்டவர்களுடையது. குத்தகைப் பதிவுச் சட்டம் 1969லிருந்து இருக்கிறது, வாய்ப்பேச்சுக் குத்தகைதான் நடக்கிறது. எழுதிக்கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று உடையவருக்குப் பயம், கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காதோ என்று உழுகிறவருக்குப் பயம். நிலத்தைப் பார்த்தே பத்து வருடம் ஆனவர் போனில் இரண்டாயிரம் ரூபாய் விழுந்த செய்தி வரும். சேற்றில் நிற்பவர் அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிக்கொண்டிருப்பார். கொள்முதல் நிலையம் இதிலும் கொஞ்சம் மேல். அங்கே நெல் இருந்தால்தான் பணம். நெல் உழுதவனிடம்தான் இருக்கும். வியாபாரி பிறர் சிட்டாவைக் கடன் வாங்கி நெல் போடுகிறார் என்பதும் உண்மைதான், இருந்தாலும் மற்ற திட்டங்களோடு ஒப்பிட்டால் இதில் ஒழுகுவது குறைவு என்பது என் அனுபவம்.

“அப்போ நீங்கள் நிதியமைச்சரானால் என்ன செய்வீர்கள் மாமா?” என்றார். கிண்டல்தான், இருந்தாலும் பதில் வைத்திருந்தேன்.

புதிதாக ஒரு ரூபாய் வேண்டாம். கொள்முதல் நிலையங்கள் பலவும் வாடகைக் களத்திலும் கோயில் திடலிலும் திறந்தவெளியில்தான் நடக்கின்றன. வட்டத்துக்குச் சில இடங்களிலாவது கூரை போட்ட களமும் நெல் உலர்த்தும் இயந்திரமும் வைக்கலாம். ஊக்கத்தொகையை ஒரு வருடம் ஏற்றாமல் அந்தக் காசை இதில் போட்டால்கூட நான் ஏற்பேன், என் தெருவில் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. இரண்டாவது, உளுந்து. பங்குனி கடைசியில் நெல் வரத்து ஓய்ந்ததும் அந்த நிலையத்தில் தராசு இருக்கும், ஈரம் பார்க்கும் மெஷின் இருக்கும், ஆள் இருக்கும், விவசாயியின் வங்கிக்கணக்கு எண்ணும் இருக்கும். அதே இடத்தில் இரண்டு மாதம் உளுந்தும் பயறும் வாங்கினால் என்ன?

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது, என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மறுத்தார். உளுந்து நெல் மாதிரி இல்லை, கிடங்கில் வண்டு விழுந்துவிடும், தரம் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், நெல் பார்த்துப் பழகியவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவைத்துவிட்டுக் கடைசியில் அரசு நஷ்டப்படும் என்றார். வண்டு விஷயம் சரிதான். அதற்கு, வாங்கியதைப் பதினைந்து நாளுக்கு மேல் ஊரில் வைக்காமல் மாவட்டக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும், ரேஷனில் போடும் பருப்பில் ஒரு பகுதியாக உளுந்தை அந்த வருடமே கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்றேன். லாரி யார் அனுப்புவது என்று கேட்டார்.